வைஃபை டிரைவரில் கமெண்ட் திருத்தி அனுப்புவது எப்படி: மூன்று முறை திரும்பி வந்தவன் எழுதும் வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் மலிவு விலைச் சின்ன மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது வழக்கம். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது ரியல்டெக் 8723பிஎஸ் என்ற வைஃபை சில்லு. அதன் டிரைவர் (சில்லை இயக்கும் நிரல்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் 'ஸ்டேஜிங்' என்ற பகுதியில் இருக்கிறது. ஸ்டேஜிங் என்றால், வேலை செய்யும், ஆனால் இன்னும் துப்புரவு ஆகாத டிரைவர்களை வைக்கும் இடம். ஒருநாள் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். குறிமுறையை விட, படிப்பவருக்காக நடுவே எழுதி வைக்கும் குறிப்புகளான கமெண்ட்டுகள்தான் கண்ணை உறுத்தின. 'இதைத் திருத்தி அனுப்புவது ஒரு மாலை வேலை' என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆனது. கமெண்ட்டைத் திருத்த இருபது நிமிடம், மிச்சமெல்லாம் அதைச் சுற்றியுள்ள சடங்குகள்.

அந்த ஏழு வாரத்தை நீங்களும் கழிக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சி மொழி ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். டிரைவர் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

1. முதலில் இடம் சரியா என்று பாருங்கள்

கெர்னலில் வைஃபை டிரைவர்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவை 'டிரைவர்ஸ்/நெட்/வயர்லெஸ்' கோப்புறையில். சில மட்டும் 'டிரைவர்ஸ்/ஸ்டேஜிங்'கில். கமெண்ட் துப்புரவை ஸ்டேஜிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெட் பக்கம் போய் வெறும் அழகுக்காக ஒரு பேட்ச் (மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) அனுப்பினால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அதற்குக் காரணம் உண்டு. நிலையாக ஓடும் குறிமுறையில் வரிகளை நகர்த்தினால், பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோவது சிரமமாகும், கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் 'கிட் பிளேம்' போட்டு எந்த வரியை யார் மாற்றினார் என்று பார்ப்பவருக்கு உண்மையான மாற்றத்துக்குப் பதில் உங்கள் பெயர் வந்து நிற்கும்.

ஸ்டேஜிங்கில் பெரும்பாலான டிரைவர் கோப்புறைகளில் 'டூடூ' என்ற சின்னக் கோப்பு இருக்கும். அதை முதலில் படியுங்கள். என்னென்ன வேலை பாக்கி என்று அதில்தான் இருக்கும்.

2. செலவும் சாமான்களும்

8723பிஎஸ் சில்லு உங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கமெண்ட் மாற்றத்துக்குக் கம்பைல் ஆனால் (குறிமுறை இயந்திர மொழிக்கு மாறினால்) போதும். என்னிடம் இருந்தது 650 வெள்ளிக்கு வாங்கிய பழைய மடிக்கணினி, 8 ஜிபி நினைவகம். வட்டில் 20 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. உபுண்டுவோ டெபியனோ போட்டு ஜிசிசி, மேக், ஃபிளெக்ஸ், பைசன், பிசி ஆகிய கருவிகளையும் ஓபன்எஸ்எஸ்எல், எல்ஃப் நூலகங்களின் 'டெவ்' பொதிகளையும், கிட், கிட்-ஈமெயில் இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். கிட்-ஈமெயில் தனிப் பொதி. இதை மறந்துவிட்டு 'சென்ட்-ஈமெயில் என்ற கட்டளை இல்லை' என்று வரும்போது பலர் திகைக்கிறார்கள்.

பணம் என்று பார்த்தால் டேட்டாதான். கெர்னலின் முழு வரலாற்றோடு கிட் குளோன் செய்தால், அதாவது முழுப் பிரதி இறக்கினால், பல ஜிபி. அதைவிடப் பெரிய தொல்லை, கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. எங்கள் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்தால் அம்மா போய் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அப்படி இரண்டு முறை முக்கால்வாசியில் போயிற்று. மூன்றாம் முறை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன்.

உங்கள் இணைப்பும் அப்படித்தான் என்றால் கெர்னல்.ஆர்க் தளம் 'குளோன்.பண்டில்' என்று ஒரே கோப்பாகத் தருவதை இறக்குங்கள். அது சாதாரணக் கோப்பு, 'டபிள்யூகெட் -சி' கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்து, ஸ்டேஜிங் கிட் மரத்தை (ஸ்டேஜிங் வேலைகள் சேரும் தனிக் களஞ்சியம்) ரிமோட்டாகச் சேர்த்து, வித்தியாசத்தை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

இழுத்த பிறகு 'ஸ்டேஜிங்-டெஸ்டிங்' கிளையிலிருந்து உங்களுக்கென்று ஒரு கிளை வெட்டிக்கொள்ளுங்கள். உபுண்டு தரும் கெர்னல் மூலத்திலோ லினக்ஸைத் தொடங்கிய லினஸின் மரத்திலோ வேலை செய்தால், நீங்கள் திருத்தும் வரியை வேறு யாரோ போன மாதமே திருத்தியிருப்பார். பேட்ச் ஒட்டாது.

3. ஆவணங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அடையாள அட்டை நகல் கேட்பார்களா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கடைக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. ஒன்றும் வேண்டாம். பதிவுக் கட்டணமும் இல்லை.

இருப்பது ஒரே ஒரு உறுதிமொழி. ஆங்கிலத்தில் 'டெவலப்பர் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்', பதிப்பு 1.1. ஒரு பக்கம்கூட வராது. இந்த மாற்றம் என்னுடையது, அல்லது இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, என் பெயரும் மெயிலும் நிரந்தரமாகப் பொதுவில் இருக்கும் என்பது தெரியும் என்பதுதான் சாரம். பேட்ச்சின் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பெயரும் மெயிலும் வந்தால் அந்த உறுதிமொழிக்குக் கையெழுத்திட்டதாகப் பொருள். மாற்றத்தைப் பதியும்போது 'கிட் கமிட் -எஸ்' போட்டால் அந்த வரி தானாக வரும். நிறுவனத்தில் வேலை செய்பவர் அவர்கள் மடிக்கணினியில், அவர்கள் நேரத்தில் இதைச் செய்தால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உரிமை யாருடையது என்ற கேள்வி அங்கேதான் வரும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இங்கே உண்டு. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் உள்ள பெயரில் நடுவே 'அனாக் லெலாக்கி' (மகன்) என்பதன் சுருக்கம், சாய்வுக்கோட்டோடு. மெயில் கணக்கில் வேறு மாதிரி, கிட் அமைப்பில் வீட்டில் கூப்பிடும் பெயர். நான் கமிட்டில் ஒன்றும் மெயிலில் இன்னொன்றுமாக அனுப்பினேன். 'ஃப்ரம்' வரியும் கையொப்ப வரியும் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. தோட்டத்தில் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கூப்பிடும் பெயர் ஒன்று, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதிய பெயர் இன்னொன்று என்றால் அன்றைய கூலி யாருக்கு? அதே கதைதான். சாய்வுக்கோடு இருந்தால் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை. உங்களை அடையாளம் காணக்கூடிய ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து 'யூசர்.நேம்' அமைப்பிலும் மெயில் கணக்கிலும் எழுத்துப் பிசகாமல் அதையே வையுங்கள்.

4. செக்பேட்ச் ஓட்டுங்கள், ஆனால் அது சொல்வதெல்லாம் வேதம் இல்லை

கெர்னலின் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் 'செக்பேட்ச்.பிஎல்' இருக்கிறது, எழுத்து நடை விதிகளை மீறும் இடங்களைக் காட்டும் கருவி. ஒரு கோப்பை முழுதாகப் பார்க்க '-எஃப்' போடுங்கள். எல்லாப் புகாரும் ஒரே நேரத்தில் வந்தால் தலை சுற்றும். '--டைப்ஸ்' என்று போட்டு 'பிளாக்_கமெண்ட்_ஸ்டைல்' மட்டும் கேளுங்கள். மூன்று விதமான புகார்தான் பெரும்பாலும் வரும்: அடுத்தடுத்த வரிகளில் நட்சத்திரக் குறி இல்லை, நட்சத்திரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, முடிவுக்குறி தனி வரியில் இல்லை.

உதாரணம் காட்டுகிறேன். புரிவதற்காக உள்ளே தமிழில் எழுதுகிறேன். நிஜத்தில் கமெண்ட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்படி இருக்கும்:

/* சேனல் 14 ஜப்பானில் மட்டும்,
   மற்ற நாடுகளில் அனுமதி இல்லை */

இப்படி ஆக்க வேண்டும்:

/*
 * சேனல் 14 ஜப்பானில் மட்டும்,
 * மற்ற நாடுகளில் அனுமதி இல்லை
 */

முதல் வரியில் தொடக்கக் குறி மட்டும். ஒவ்வொரு வரியிலும் நட்சத்திரம், அதன்பின் ஓர் இடைவெளி. முடிவுக்குறி தனியாக. ஒரே வரிக் கமெண்ட் என்றால் ஒரே வரியிலேயே திறந்து மூடலாம். நெட்வொர்க் பக்கத்துப் பழைய கோப்புகளில் தொடக்கக் குறி இருக்கும் வரியிலேயே எழுத்து தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அது அவர்கள் தனியாக வைத்திருந்த பழக்கம். அதைப் பார்த்து ஸ்டேஜிங்கில் எழுதாதீர்கள்.

இனி, செக்பேட்ச் கண்ணில் படாத ஒன்று. 8723பிஎஸ் டிரைவரில் மிக அசிங்கமான இடம் இதுதான்:

/*  */
/*  விளக்கம்: */
/*    சில்லை உறங்க வைக்கும் */
/*  */

ஒரு காலத்தில் இரட்டைச் சாய்வுக்கோடாக இருந்த வரிகளை ஏதோ ஒரு தானியங்கிக் கருவி ஒவ்வொன்றாக மாற்றிய சுவடு அது. வரிக்கு வரி இலக்கணம் சரி, அதனால் செக்பேட்ச் வாய் திறக்காது. லிந்தாங் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது கேட்டான்: "அண்ணே, வார்னிங் ஒண்ணுமே வரலையே, அப்புறம் எதுக்குண்ணே இதத் தொடணும்?" கண்ணால் படிப்பவருக்கு அது நான்கு தனிக் கமெண்ட், ஒரு பத்தி இல்லை. இந்த மாதிரி இடங்களைத் தேடிப் பிடித்து ஒரே தொகுதியாகச் சேர்ப்பதுதான் உண்மையில் உதவும் வேலை. வெற்றுக் கமெண்ட் வரிகளை அப்படியே நீக்கலாம்.

5. திருத்துவதற்கு முன் கமெண்ட்டைப் படியுங்கள்

நான் முதலில் செய்தது படிக்காமல் வடிவம் மாற்றியது. அதனால் செத்த குறிமுறையை நட்சத்திரம் போட்டு அழகாக அடுக்கி அனுப்பினேன். திரும்பி வந்தது.

கமெண்ட்டுக்குள் இருப்பது பழைய குறிமுறை என்றால் அலங்கரிக்காதீர்கள், நீக்குங்கள். அதுவும் தனி பேட்ச்சாக. 'இன்ன தேதியில் இன்னார் சேர்த்தது' என்ற வகைக் குறிப்பும் வேண்டாம், அதற்கு கிட் வரலாறு இருக்கிறது. கீழே உள்ள வரியையே மறுபடி சொல்லும் கமெண்ட், உதாரணமாக எண்ணியை ஒன்று கூட்டும் வரிக்கு மேல் 'எண்ணியைக் கூட்டு' என்று இருப்பது, போனால் யாரும் அழ மாட்டார்கள்.

ஆனால் வன்பொருளின் கிறுக்குத்தனத்தைச் சொல்லும் வரிகள் இருக்கும். சில்லுக்குள் இருக்கும் இன்ன பதிவேட்டில் எழுதியபின் சில மில்லி வினாடி காத்திருக்க வேண்டும், இன்ன வரிசை மாறினால் சில்லு எழுந்திருக்காது என்பவை. அவற்றில் வடிவத்தை மட்டும் தொடுங்கள். ஆங்கிலம் தப்பாக இருந்தால்கூட, பொருள் உறுதியாகத் தெரியாமல் மாற்றி எழுதாதீர்கள். சில்லின் கையேடு நம் கையில் இல்லை, அந்த ஓட்டை ஆங்கிலம்தான் நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம்.

6. கை வைக்கக்கூடாத இடங்கள்

கோப்பின் முதல் வரி. அங்கே 'எஸ்பிடிஎக்ஸ்-லைசன்ஸ்-ஐடென்டிஃபையர்' என்று உரிமக் குறிப்பு இருக்கும். '.சி' கோப்பில் அது இரட்டைச் சாய்வுக்கோட்டில்தான் இருக்க வேண்டும், '.எச்' கோப்பில் நட்சத்திரக் கமெண்ட்டில்தான் இருக்க வேண்டும். தலைப்புக் கோப்புகளை அசெம்பிளரும் படிக்கும், பழைய கருவிகளுக்கு இரட்டைச் சாய்வுக்கோடு புரியாது என்பதால் வந்த பிரிவு இது. நான் 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று முதல் வரியையும் நட்சத்திரமாக்கினேன். அது இரண்டாவது திரும்பல்.

இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்கும் கமெண்ட். அது 'கெர்னல்-டாக்' என்ற ஆவணக் கருவிக்கானது. சாதாரணக் கமெண்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் அந்தக் கருவி எச்சரிக்கை தரும். உண்மையான கெர்னல்-டாக்கில் ஒரு நட்சத்திரத்தை எடுத்தால் ஆவணம் காணாமல் போகும். 8723பிஎஸ்ஸில் எது எது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கீழே சார்பின் (ஃபங்ஷன்) பெயரும் அளபுருக்களும் ஒழுங்காகப் பட்டியலிட்டிருந்தால் அது கெர்னல்-டாக்.

பிறகு, கோப்பு முழுதும் தேடி மாற்றும் செட் கட்டளை. 'எல்லா இரட்டைச் சாய்வுக்கோட்டையும் ஒரே அடியில் மாற்றிவிடலாம்' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஒரு பெரிய கமெண்ட்டுக்குள் ஓர் இணைய முகவரி இருந்தது. முகவரியில் முக்காற்புள்ளிக்குப் பிறகு வருவதும் இரட்டைச் சாய்வுக்கோடுதானே. செட் அதையும் பிடித்து, அந்த வரியின் கடைசியில் ஒரு முடிவுக்குறியை வைத்துவிட்டது. சி மொழியில் கமெண்ட்டுக்குள் கமெண்ட் கிடையாது. முதல் முடிவுக்குறி வந்ததும் எல்லாம் முடிந்தது. மிச்சமிருந்த ஆங்கில வாக்கியத்தைக் கம்பைலர் குறிமுறை என்று நினைத்துப் படிக்க, நாற்பது பிழைகள் திரையில் ஓடின. பிழை காட்டிய இடமோ பத்து வரி தள்ளி. மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துதான் அதைக் கண்டுபிடித்தேன். கையால் திருத்துங்கள். ஒரு கோப்புக்கு அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

வரி நீளம்: 80 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். செக்பேட்ச் 2020 முதல் 100 தாண்டினால்தான் கத்துகிறது, ஆனால் 80 இன்றும் விரும்பப்படும் அளவு. டேப் 8 எழுத்து அகலம். உங்கள் எடிட்டர் டேப்பை இடைவெளியாக மாற்றுகிறதா என்று முதலிலேயே பார்த்து அணைத்துவிடுங்கள்.

7. ஒரு பேட்ச்சில் ஒரு வேலை

அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் ஆளுக்கொரு நிரை. பக்கத்து நிரையில் பால் வழிந்தாலும் கைவைக்க மாட்டார். பேட்ச்சும் அப்படித்தான். கமெண்ட் வடிவம் திருத்தும் பேட்ச்சில் எழுத்துப்பிழை திருத்தம் வேண்டாம். மாறியின் பெயர் மாற்றம் வேண்டாம். காலி வரி நீக்கம்கூட வேண்டாம். என்னுடைய முதல் பேட்ச்சில் இவை நான்கும் இருந்தன. பரிசீலிப்பவர் ஒரு பேட்ச்சைப் பார்த்து 'இது வெறும் கமெண்ட், எதுவும் உடையாது' என்று பத்து வினாடியில் முடிவு செய்ய வேண்டும். நடுவில் ஒரு குறிமுறை வரி மாறியிருந்தால் அவர் எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க வேண்டிவரும், படிக்க மாட்டார்.

முதல் முறை ஒரே ஒரு கோப்பு. ஏற்கப்பட்ட பிறகு வரிசையாக மூன்று நான்கு அனுப்பலாம்.

8. உண்மையாகவே கம்பைல் ஆயிற்றா?

'கமெண்ட்தானே' என்று கம்பைல் செய்யாமல் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன செட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய பொறி, கம்பைல் செய்ததாக நினைப்பது. உங்கள் கெர்னல் அமைப்பில் அந்த டிரைவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால் கம்பைல் செய்யும் 'மேக்' கட்டளை அமைதியாக முடிந்துவிடும், பிழை எதுவும் வராது, ஏனென்றால் அந்தக் கோப்பை அது தொடவே இல்லை. 8723பிஎஸ்ஸுக்கு வயர்லெஸ் லேன், எம்எம்சி, சிஎஃப்ஜி80211 மூன்றும் இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெனுவில் பெயரே தெரியாது. மொட்யூலாக (கெர்னலில் தனியே ஏற்றும் துண்டாக) மட்டுமே கட்ட முடியும்.

சுலபமான வழி: 'மேக் ஆல்மாட்கான்ஃபிக்', பிறகு 'மேக் டிரைவர்ஸ்/ஸ்டேஜிங்/ஆர்டிஎல்8723பிஎஸ்/'. கடைசிச் சாய்வுக்கோட்டை விடாதீர்கள். முடிந்ததும் நீங்கள் திருத்திய கோப்பின் பெயரில், கம்பைலர் உண்டாக்கும் '.ஓ' கோப்பு புதிதாக வந்திருக்கிறதா என்று நேரத்தோடு பாருங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம், நான் இப்போது எப்போதும் செய்வது. திருத்துவதற்கு முன் வந்த '.ஓ' கோப்பை வேறு பெயரில் எடுத்து வையுங்கள். திருத்திய பின் வந்ததோடு 'ஆப்ஜ்டம்ப் -டி' போட்டு ஒப்பிடுங்கள். கமெண்ட் மட்டும் மாறியிருந்தால் இயந்திரக் கட்டளைகள் ஒன்றுபோல இருக்க வேண்டும். இரண்டு '.ஓ' கோப்பையும் நேரடியாக பைட்டுக்கு பைட் ஒப்பிட்டால் சில நேரம் வித்தியாசம் காட்டும். பயப்பட வேண்டாம், எச்சரிக்கைச் செய்திகளுக்கான வரி எண்கள் உள்ளே பதிந்திருக்கும், நீங்கள் வரிகளைக் கூட்டிக் குறைத்ததால் அவை நகர்ந்திருக்கும்.

9. கமிட் செய்தி

இதற்குத் திருத்தத்தைவிட அதிக நேரம் கொடுங்கள். தலைப்பு வரியில் முதலில் 'ஸ்டேஜிங்', முக்காற்புள்ளி, டிரைவர் பெயர், முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்தீர்கள் என்பது. ஏவல் வினையில் எழுத வேண்டும், 'திருத்தினேன்' அல்ல, 'திருத்து'. அந்தக் கோப்புக்கு முன்பு வந்த தலைப்புகளை 'கிட் லாக் --ஒன்லைன்' போட்டுப் பார்த்து அதே சாயலில் எழுதுங்கள்.

உடலில் ஏன் என்று சொல்லுங்கள். 'செக்பேட்ச் எச்சரிக்கையைச் சரிசெய்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. இன்ன கோப்பில் பல வரிக் கமெண்ட்டுகள் தனித்தனியாகத் துண்டாகிக் கிடந்தன, அவற்றைக் கெர்னல் வழக்கப்படி ஒரே தொகுதியாக்கு, செயல்பாட்டில் மாற்றம் இல்லை: இவ்வளவு இருந்தால் நல்லது. வரிக்கு 75 எழுத்துக்குள் மடியுங்கள். 'இந்த பேட்ச்' என்று தொடங்காதீர்கள்.

10. அனுப்புதல்

உலாவியில் மெயிலைத் திறந்து பேட்ச்சை ஒட்டி அனுப்பினால் டேப்புகள் இடைவெளியாகும், நீண்ட வரிகள் உடையும், சில நேரம் எச்டிஎம்எல் ஆகிவிடும். என் முதல் பேட்ச்சில் கலப்படத்தோடு இந்தக் கோளாறும் இருந்தது. இணைப்பாகவும் அனுப்பாதீர்கள். 'கிட் சென்ட்-ஈமெயில்' பத்திரமான வழி.

ஜிமெயில் வைத்திருந்தால் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்று உருவாக்குங்கள். வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. எஸ்எம்டிபி போர்ட் 587, டிஎல்எஸ். அலுவலக மெயில் வேண்டவே வேண்டாம், அடியில் 'இது ரகசியம்' என்று தானாக ஒரு பத்தி ஒட்டிக்கொள்ளும், அப்படி வந்த பேட்ச்சை எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் பகுதியில் கைத்தொலைபேசி எண்ணும் வேண்டாம். போன மெயில் உலகம் முழுதும் சேமிக்கப்படும், திரும்ப எடுக்க முடியாது.

'கிட் ஃபார்மேட்-பேட்ச் -1' போட்டுக் கோப்பாக்குங்கள். அதன் மேல் மறுபடி செக்பேட்ச், இம்முறை '-எஃப்' இல்லாமல், '--ஸ்ட்ரிக்ட்' சேர்த்து. பிறகு உங்களுக்கே ஒரு முறை அனுப்புங்கள். வந்த மெயிலை மூலவடிவில் சேமித்து, வேறொரு சுத்தமான கிளையில் 'கிட் ஏஎம்' போட்டு ஒட்டுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட்_மெயின்டெய்னர்.பிஎல்' சொல்லும். ஸ்டேஜிங்கைக் கவனிப்பவர் கிரெக் குரோ-ஹார்ட்மன். அவருக்கு நேரடியாகவும், அது காட்டும் குழு முகவரிகளுக்கு நகலாகவும் அனுப்புங்கள்.

11. காத்திருப்பு

கெர்னல் வெளியீடு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை. ஒரு வெளியீடு முடிந்ததும் இரண்டு வாரம் 'மெர்ஜ் விண்டோ', பராமரிப்பவர்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்ததை லினஸ் உள்ளே இழுக்கும் காலம். அந்த இரண்டு வாரத்தில் உங்கள் கமெண்ட் பேட்ச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆர்சி1 (முதல் சோதனைப் பதிப்பு) வந்த பிறகு அனுப்புவது உத்தமம். ஆர்சிக்கள் ஞாயிற்றுக்கிழமை வரும், நேர வித்தியாசத்தால் நமக்கு அது பெரும்பாலும் திங்கள் விடியற்காலை. நான் மூன்றாம் பதிப்பை மெர்ஜ் விண்டோவின் முதல் நாளில் அனுப்பிவிட்டு, 'ஏன் பதில் இல்லை' என்று தினமும் ராத்திரி இன்பாக்ஸைத் திறந்து திறந்து மூடினேன்.

பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுங்கள், இரண்டு வாரம் நல்லது. அதற்குமுன் நினைவூட்டாதீர்கள். பிழை சுட்டினால் அன்றைக்கே அடுத்த பதிப்பை அனுப்பாதீர்கள், ஒரு நாளாவது விட்டால் மற்றவர்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த பதிப்பை '-வி2' போட்டு உருவாக்குங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும், கமிட் செய்திக்குள் அல்ல. கோட்டுக்குக் கீழே இருப்பது வரலாற்றில் சேராது. என் மூன்றாவது திரும்பல் இதற்குத்தான்: எல்லாம் சரியாக இருந்தது, மாற்றக் குறிப்பை மட்டும் மறந்திருந்தேன். குற்றங்களை வரிசையாகப் பட்டியலிட்டு ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதைப் படித்து மனம் உடைய வேண்டாம், அது எல்லோருக்கும் போகும் அச்சடித்த கடிதம்.

பதில் எழுதும்போது அவர்கள் எழுதியதன் கீழே எழுதுங்கள், மேலே அல்ல. 'சார்', 'மேடம்' தேவையில்லை. முதல் பெயரைச் சொல்வது அங்கே மரியாதைக்குறைவு இல்லை. எனக்குக் கை கூசத்தான் செய்தது, பழகிவிட்டது.

ஏற்கப்பட்டால் பேட்ச் முதலில் 'ஸ்டேஜிங்-டெஸ்டிங்' கிளையில் தெரியும், பிறகு 'ஸ்டேஜிங்-நெக்ஸ்ட்', அடுத்த மெர்ஜ் விண்டோவில் லினஸின் மரம். என் நான்காம் பதிப்பு போய்ச் சேர்ந்த அன்று தோட்டத்தில் திருவிழா. கைத்தொலைபேசியில் அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

12. அடுத்தது

கமெண்ட்டோடு நிற்காதீர்கள். கமெண்ட் பேட்ச் இரண்டு மூன்று போனபின் வழிமுறை கைவந்துவிடும். அப்புறமும் அதையே அனுப்பிக்கொண்டிருந்தால் பார்ப்பவருக்கும் சலிக்கும். 8723பிஎஸ் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் சில்லு. ஆனால் டிரைவருக்குள் 5 கிகாஹெர்ட்ஸுக்கான மிச்சங்கள் கிடக்கின்றன, 14-க்கு மேற்பட்ட சேனலைச் சோதிக்கும் வரிகள் போல. அவற்றைத் தேடி நீக்குவது டூடூ கோப்பிலேயே கேட்டிருக்கும் வேலை. ஆனால் இது நிஜக் குறிமுறை, கம்பைல் ஆனால் மட்டும் போதாது. சில்லு உள்ள மடிக்கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'கோர்' கோப்புறையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், 'ஹால்' கோப்புறையை லிந்தாங் தம்பி எடுத்திருக்கிறான். 'ஓஎஸ்_டெப்' கோப்புறையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. சில்லு வேண்டுமென்றால் கடையில் திரை உடைந்த இரண்டு மடிக்கணினிகள் கிடக்கின்றன, வெளித்திரை போட்டால் ஓடும். ஞாயிறு கடை விடுமுறை.